கெல்லி கோட்டைத் துரை யார் வீட்டுப் பிள்ளை?

கொஞ்சம் நீளமான பதிவுங்க. காப்பி போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்கும், அதுக்குப் பக்கத்துல இருக்குற மாரியம்மன் கோயிலுக்கும் நம்ம ஆலயத்துல இருந்து பஸ் எடுத்துப் போய் வந்தோம் இல்லையா? அதுக்கப்புறம் வாட்சாப் குழுவுல ஒரே கேள்வி. கோயில் கூரையில சாமி சிலைகளோட வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு ஒரு துரை நிக்கிறாரே, அவரு யாரு? எந்த ஊரு? அவரு பரம்பரை எப்படி? ரெண்டு வரியில பதில் போட மனசு வரலை. அந்தக் குடும்பத்தை எப்படித் தேடிப் பிடிக்கிறதுன்னு பார்த்தா, அதுல நமக்கும் வேண்டிய விஷயம் நிறைய இருக்கு.

முதல்ல ஆளு யாருன்னு பார்த்துடுவோம். பேரு வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-ல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கே மோரே என்ற மாவட்டத்துல, கெல்லாஸ் என்ற சின்ன ஊர்ல பிறந்தவர். இருபது வயசுல, 1890-ல், மலாயாவுக்கு வந்தார். ஆல்மா பேக்கர் என்பவரோட நில அளவை, காடு திருத்துற குத்தகை வேலையில சேர்ந்து காசு சேர்த்தார். அப்புறம் கிந்தா வட்டாரத்துல காட்டு நிலம் வாங்கி கித்தா மரம் போட்டார், ஈயம் எடுத்தார். நாம எல்லாம் "இங்கிலீஷ்காரத் துரை"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவோம். ஆனா அவர் இங்கிலீஷ்காரர் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கிட்ட அப்படிச் சொன்னா கோவம் வரும். அது தனி நாடா இருந்து, 1707-ல் இங்கிலாந்தோட சேர்ந்தது. சேர்ந்த பிறகும் தன்னோட சட்டத்தையும் தன்னோட தேவாலயத்தையும் விட்டுக்கொடுக்கலை. குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஏன்னா அங்கே பிறப்பு இறப்புப் பதிவும் தனிதான். லண்டன்ல போய்த் தேடினா கிடைக்காது, எடின்பரோவுல தேடணும்.

இப்ப அந்தப் பேரை எடுத்துக்குவோம். ஸ்மித், கெல்லி, கெல்லாஸ். மூணும் மூணு சங்கதி. இதைக் குழப்பிக்கிட்டா தேடுற பாதையே மாறிப் போயிடும்.

ஸ்மித்ங்கிறது தொழில் பேரு. கொல்லர், இரும்பு அடிக்கிறவர். ஊருக்கு ஊர் ஒரு பட்டறை இருந்ததால, ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் குடும்பம். ஸ்காட்லாந்துல அரசாங்கப் பதிவு ஆரம்பிச்ச நாள்ல இருந்தே ரொம்ப அதிகமா உள்ள குடும்பப் பேரு இதுதான். ரெண்டு ஸ்மித்துக்கு நடுவுல ரத்த சம்பந்தம் இருக்கும்னு நினைக்கவே கூடாது. நம்ம ஊர்ல ரெண்டு முனியாண்டி ஒரே வீட்டுப் பிள்ளைகளாத்தான் இருக்கணும்னு ஏதாச்சும் சட்டமா?

கெல்லிங்கிறது அவர் அம்மா பிறந்த வீட்டுப் பேரு. இது பல பேருக்குத் தெரியாது. துரையோட சொந்தப் பேருன்னு நினைச்சு "மிஸ்டர் கெல்லி"ன்னே சொல்லிட்டிருக்காங்க. அம்மா வீட்டுக் குடும்பப் பேரைப் பிள்ளைக்கு நடுப்பேரா வைக்கிறது ஸ்காட்லாந்து வழக்கம். ஸ்மித்ங்கிற பேரு கடல் மாதிரி இருக்குற நாட்டுல, நடுவுல வர்ற அந்த ஒரு வார்த்தைதான் தேடுறவங்க கையில கிடைக்கிற கயிறு. இன்னைக்கு சுற்றுலாப் பலகையில, பஸ் டிக்கெட்டுல எல்லாம் "கெல்லி" "கெல்லி"ன்னு இருக்கே, அது ஒரு அம்மாவோட தாய்வீட்டுப் பேரு.

கெல்லாஸ்ங்கிறது ஊர்ப்பேரு. அவர் சொந்த வீட்டுப் பண்ணை ஈஸ்டர் கெல்லாஸ். ஈஸ்டர் பண்டிகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. ஸ்காட்லாந்துப் பண்ணைப் பேர்கள்ல ஈஸ்டர்னா கிழக்கு, வெஸ்டர்னா மேற்கு. கிழக்குக் கெல்லாஸ், அவ்வளவுதான். அந்தப் பேரைத்தான் இங்கே தன் தோட்டத்துக்கு வச்சார், கிந்தா கெல்லாஸ்னு. ஒரு மாவட்டப் பேரையும் ஒரு பண்ணைப் பேரையும் சேர்த்துக் கட்டின பேரு. பிறகு ஈயக் கம்பெனிக்கும் அதே பேரு வந்தது.

இடையில ஒரு சின்ன சங்கதி. கெல்லாஸ்னு உலகத்துக்குத் தெரிஞ்சது கோட்டைத் துரையால மட்டும் இல்லை, ஒரு பூனையாலயும்தான். உடம்பு கறுப்பா, காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்த ஒரு வகைக்கு 1980-களில் கெல்லாஸ் பூனைன்னே பேர் வச்சிருக்காங்க. சரி, கதைக்கு வருவோம்.

நான் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவன். ஒரு பெட்டியில குறை இருக்குன்னு திரும்பி வந்தா, லாட் நம்பரைப் பிடிச்சு எந்த ஷிப்ட், எந்த மெஷின், எந்த மூலப்பொருள்னு பின்னாடியே போவோம். குடும்ப வரலாறும் அப்படித்தான். கடைசியில இருந்து முன்னாடி போகணும். நேரா ராஜா காலத்துல ஆரம்பிச்சுக் கீழே இறங்கினா கதைதான் கிடைக்கும், குடும்பம் கிடைக்காது.

ஸ்காட்லாந்துல இந்த லாட் நம்பர் மாதிரி ஒண்ணு இருக்கு. 1855 ஜனவரி 1-ம் தேதியில இருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூணையும் அரசாங்கத்துல பதியணும்னு சட்டம் வந்தது. அந்த முதல் வருஷம் அதிகாரிங்க கேட்ட கேள்வியைப் பார்த்தா தலை சுத்தும். அப்பா அம்மா வயசு, பிறந்த ஊரு, கல்யாணத் தேதி, இதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளைன்னு எல்லாம் கேட்டிருக்காங்க. எழுத முடியாம ஒரே வருஷத்துல பல கேள்விகளை எடுத்துட்டாங்க. அப்பா அம்மா எந்தத் தேதியில, எங்கே கல்யாணம் பண்ணினாங்கங்கிற கேள்வி மட்டும் 1861-ல் திரும்பி வந்துடுச்சு. அதனால 1870-ல் பிறந்த ஒரு பிள்ளையோட பதிவுல பேரு, அப்பா பேரு, அப்பா தொழிலு, அம்மா பேரு, அம்மா பிறந்த வீட்டுப் பேரு, ரெண்டு பேர் கல்யாணம் நடந்த நாளும் ஊரும், எல்லாம் ஒரே வரிசையில இருக்கும். வில்லியம் ஸ்மித் என்ற பேர்ல எத்தனை பிள்ளை இருந்தாலும், அம்மா கெல்லி வீட்டுப் பொண்ணுன்னு இருக்குறதை வச்சு இந்தப் பிள்ளையைத் தனியாப் பிரிச்சு எடுத்துடலாம்.

இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீங்க. ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவுல பிறந்த நேரமும் எழுதுவாங்க. இங்கிலாந்துல இரட்டைக் குழந்தைன்னாத்தான் நேரம் எழுதுவாங்க. ஸ்காட்லாந்துல எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஜாதகம் கணிக்கிற நாமளே பாட்டிகிட்ட "சேவல் கூவுற நேரம், பால்மரம் வெட்டப் போற நேரம்"னு கேட்டு எழுதினோம். ஜாதகம் பார்க்காத ஊர்ல அரசாங்கமே நேரம் குறிச்சு வச்சிருக்கு!

நூறு வருஷம் தாண்டின பிறப்புப் பதிவு, எழுபத்தஞ்சு வருஷம் தாண்டின திருமணப் பதிவு, ஐம்பது வருஷம் தாண்டின இறப்புப் பதிவு, இதெல்லாம் இப்ப இணையத்துலயே காசு கட்டிப் பார்க்கலாம். ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்னு அரசாங்கத்தோட தளம். கைப்பேசியில உட்கார்ந்தபடியே அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பார்க்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இருக்கு. 1851-ல் இருந்து வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருத்தரும் என்ன முறை, எங்கே பிறந்தாங்கன்னு எழுதியிருப்பாங்க. அப்போ 1871-ல் தேடினா வில்லியம் கைக்குழந்தை. 1881-ல் பள்ளிக்கூடம் போற வயசு. 1891-ல் அவரை அங்கே தேடக் கூடாது, ஏன்னா ஆள் இங்கே கிந்தா காட்டுல நிக்கிறார். இப்படி ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, கூட இருந்த கிழவி, பண்ணையாள் எல்லாரும் வீட்டோட சேர்ந்து வருவாங்க. ஒரு விஷயம் கவனிக்கணும். பழைய ஏடுகள்ல மோரே மாவட்டத்தை எல்ஜின் மாவட்டம்னும் எழுதியிருப்பாங்க. கெல்லாஸ் இருக்குற திருச்சபை வட்டத்துக்குப் பேரு டல்லாஸ். அமெரிக்கா டல்லாஸ் இல்லைங்க, இது மோரே டல்லாஸ். இது தெரியாம தேடினா டெக்சாஸ்ல போய் நிப்போம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பேர் வைக்கிற முறை. அங்கே பழைய வழக்கப்படி மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு. ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு. மூணாவதுக்குத்தான் அப்பா பேரு. மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு, ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு. படிக்கும்போதே நம்ம வீடு ஞாபகம் வரலையா? தாத்தா பேரைத் தாங்குறவன்தானே பேரன்! எங்க வீட்டுலயும் மூத்தவனுக்கு எங்க அப்பா பேருதான். இதுல தேடுறவங்களுக்கு லாபம் என்னன்னா, ஒரு வீட்டுப் பிள்ளைங்க பேரை வரிசையா எழுதினாலே தாத்தா பாட்டி பேரை ஓரளவு ஊகிச்சுடலாம். ஊகம்தான், சாட்சி ஆகாது. எல்லா வீட்டுலயும் இந்த முறையை அப்படியே கடைப்பிடிக்கலை. ஊகிச்ச பேரைப் பதிவுல தேடிப் பார்த்து உறுதி பண்ணணும்.

பெண்கள் விஷயத்துல ஸ்காட்லாந்தை மெச்சணும். கல்யாணம் ஆனாலும் சட்டப்படி பிறந்த வீட்டுப் பேரு அழியாது. கல்லறையில கூட கணவர் பேருக்குக் கீழே மனைவியோட பிறந்த வீட்டுப் பேரைத்தான் பொறிச்சிருப்பாங்க. இறந்தவங்க பதிவுல அவங்க அப்பா பேரு, அம்மா பேரு, அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு மூணும் உண்டு. அதாவது அந்தக் கெல்லி வீட்டு அம்மா இறந்த பதிவை எடுத்தா, துரையோட அம்மா வழிப் பாட்டி எந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சுடும். ஒரே ஒரு தாள்ல இன்னொரு தலைமுறை மேலே போயிடலாம்.

1855-க்கு முன்னாடிதான் கஷ்டம். அப்போ தேவாலயத்துக் குறிப்பேடு மட்டும்தான். ரொம்பப் பழையது பெர்த் பகுதியில எரோல் என்ற ஊர்ல இருக்கு, 1553-ல் ஆரம்பிச்சது. ஆனா எல்லா ஊர்லயும் அவ்வளவு பழசு கிடையாது. இருக்குற ஏட்டுலயும் ஓட்டை. 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூணு பென்னி வரி போட்டாங்க. ஏழைங்க பிள்ளை பேரை எழுதாமலே விட்டுட்டாங்க. 1794-ல் வரியை எடுத்தாங்க, ஆனா நடுவுல பிறந்த பிள்ளைங்க பேரு திரும்பி வருமா? அப்புறம் 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை ரெண்டா உடைஞ்சது. மூணுல ஒரு பங்கு போதகர்கள் வெளியே போய்ப் புதுச் சபை கட்டினாங்க. அவங்ககிட்ட ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைங்க பேரு பழைய ஏட்டுல இல்லை. நிர்வாகம் ரெண்டாப் பிரிஞ்சு, கணக்குப் புத்தகம் ஒருத்தர் வீட்டுல, ரசீதுப் புத்தகம் இன்னொருத்தர் வீட்டுலன்னு ஆன கதை நமக்குத் தெரியாததா?

பண்ணை வழியாவும் தேடலாம். 1855-ல் இருந்து வருஷா வருஷம் நில மதிப்பு ஏடு எழுதினாங்க. நிலச் சொந்தக்காரர் யாரு, குத்தகைக்காரர் யாரு, வாடகை எவ்வளவுன்னு அதுல இருக்கும். இதைப் பார்த்தாத்தான் ஒரு உண்மை விளங்கும். "பண்ணை வீட்டுப் பிள்ளை"ன்னா பெரிய ஜமீன்தார்னு நினைச்சுடக் கூடாது. அங்கே நிலம் கொஞ்சப் பேர் கையில குவிஞ்சிருந்தது. பண்ணை நடத்தினவங்க பெரும்பாலும் குத்தகைக்காரங்கதான். ஒரு குத்தகையை எல்லாப் பிள்ளைக்கும் பங்கு போட முடியாது. மத்த பிள்ளைங்க ஊரை விட்டுத்தான் போகணும். கனடா, ஆஸ்திரேலியா, சிலோன், மலாயான்னு ஸ்காட்லாந்துப் பையன்கள் கப்பல் ஏறினதுக்கு இது ஒரு பெரிய காரணம். மலாயாத் தோட்டங்கள்ல எத்தனை துரைமார் ஸ்காட்லாந்துக்காரர்னு தோட்டத்துப் பேர்களைப் பார்த்தாலே தெரியும். தங்க ஊர்ப்பேரை இங்கே கொண்டாந்து நட்டு வச்சிருக்காங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். "ஸ்மித் குடும்பச் சின்னம்"னு சிங்கம், வாளு எல்லாம் போட்டு கப்பு, சாவிக்கொத்து விக்கிறாங்க. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் குடும்பத்துக்குக் கிடையாது, ஒரு தனி ஆளுக்குத்தான். அதைக் கொடுக்கவும் தடுக்கவும் எடின்பரோவுல லார்ட் லயன்னு ஒரு அதிகாரி, அவருக்குத் தனி நீதிமன்றமே இருக்கு. ஆகவே அந்தக் கப்புல காப்பி குடிக்கலாம், பரம்பரை தேட முடியாது. நம்ம பக்கமும் சிலர் காசு வாங்கிக்கிட்டு "நீங்க இன்ன ராஜா வம்சம்"னு பட்டயம் எழுதிக் கொடுக்கிறாங்க. தாத்தா எந்தத் தோட்டத்துல இறங்கினார்னு தெரியாத வீட்டுக்கு ராஜா எங்க இருந்து வந்தார்?

மலாயா பக்கம் துரையோட குடும்பக் கொடி சின்னது. 1903-ல் மனைவி ஆக்னஸைக் கூட்டிக்கிட்டு வந்தார். மறுவருஷம் மகள் ஹெலன் பிறந்தாங்க. மகன் ஆன்டனி பிறந்தது பதினோரு வருஷம் கழிச்சு, 1915-ல். அந்தக் காலகட்டத்துலதான் பழைய வீட்டோட சேர்த்து, இப்ப நாம பார்க்கிற பெரிய கோட்டையைக் கட்ட ஆரம்பிச்சார். மதராஸ்ல இருந்து எழுபது வேலைக்காரங்களை வரவழைச்சார். செங்கல், பளிங்கு எல்லாம் இந்தியாவுல இருந்து. ஆறு மாடிக் கோபுரம், அதுல மின்தூக்கி வைக்கத் திட்டம். கட்டி முடியலை. 1926-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன்ல நிமோனியா காய்ச்சல்ல துரை இறந்து போனார். ஆக்னஸ் அம்மா எல்லாத்தையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு வித்துட்டு ஊர் திரும்பிட்டாங்க. பிறப்பு மோரேயில, பிழைப்பு பேராக்குல, சாவு லிஸ்பன்ல. வெளிநாடு போன ஸ்காட்லாந்துக்காரங்களைத் தேடும்போது இதுதான் சிக்கல், பதிவு மூணு நாட்டுல சிதறிக் கிடக்கும். ஆனாலும் சிதறிக் கிடக்குதே தவிர இல்லாமப் போகலை.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு நெஞ்சுல நிக்கிறது.

அந்த எழுபது பேரு. 1918 வாக்குல ஸ்பானியக் காய்ச்சல் வந்து தோட்டம் தோட்டமா ஜனங்க விழுந்தப்போ, கோட்டை வேலைக்காரங்கள்ல பல பேர் செத்துப் போனாங்க. மிச்சம் இருந்தவங்க அம்மனுக்குக் கோயில் வேணும்னு துரைகிட்ட கேட்டாங்க, அவரும் இடம் கொடுத்து உதவினார், அந்த நன்றிக்குத்தான் அவர் உருவத்தையும் கூரையில வச்சாங்கன்னு அந்த வட்டாரத்துல வழிவழியாச் சொல்றாங்க. துரைக்கு அப்பா வழி, அம்மா வழி, பாட்டி வழின்னு ஆறு வழியில தேட முடியுது. சுவரு வச்சவன், சாரம் கட்டினவன், மண்ணு சுமந்தவன் பேரு நமக்கு ஒண்ணு கூடத் தெரியலை. அவங்க வந்தப்போ ரஜூலா கப்பலே கிடையாது, அது கட்டினதே 1926-ல். அவங்க விட்டுட்டுப் போன ஒரே கையெழுத்து அந்தக் கோயில்தான். நான் துரையைக் குறை சொல்லி எழுதலை. கோயிலுக்கு இடம் கொடுத்த மனுஷன். ஆனா அந்த எழுபது பேருல ஒருத்தரோட கொள்ளுப்பேரன் நம்ம ஆலயத்துலயே அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கிட்டு இருக்கலாம், அவருக்கே தெரியாம.

நமக்குக் குடும்பப் பேரு கிடையாது. ஏ/எல், ஏ/பி போட்டு அப்பா பேரு மட்டும். நான் எழுதும்போது எங்க அப்பா பேரு வரும், என் பையன் எழுதும்போது எங்க அப்பா பேரு போயிடும். தலைமுறைக்கு ஒரு பேர் கழண்டு விழும். ஆனா ஒரு நல்லது இருக்கு, அதை நாம கவனிக்கிறதில்லை. நம்ம பெண்களும் கல்யாணத்துக்கு அப்புறம் ஐசியில பேர் மாத்துறதில்லை. அம்மாவோட ஐசியில ஏ/பி போட்டு அவங்க அப்பா பேரு அப்படியே இருக்கு. நம்ம பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு, அம்மா பேரு ரெண்டும் இருக்கு. அப்போ உங்க சான்றிதழ் ஒண்ணுலயே ரெண்டு தாத்தா பேரு கிடைச்சாச்சு. அப்பாவோட பழைய சான்றிதழ் இருந்தா கொள்ளுத்தாத்தா, எந்தத் தோட்டம்னு விலாசம். ஜேபிஎன்ல நகல் கேட்கலாம். கெல்லி வீட்டு அம்மா பேரைப் பிடிச்சுக்கிட்டு மேலே ஏறின மாதிரியே நாமும் ஏறலாம்.

தாள்ல இல்லாதது கிழவிங்ககிட்ட இருக்கு. குலதெய்வம் எது, எந்த ஊர்ல இருக்கு, தாத்தா எந்தக் கங்காணி கூட வந்தார், லயத்துல பக்கத்து வீடு யாரு. குலதெய்வத்தோட ஊர் தெரிஞ்சாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. அந்த ஊர்க் கோயில்ல வரி கட்டுற பங்காளிங்க வீட்டுல நம்ம தாத்தா பேரு இருக்க வாய்ப்பு உண்டு. பழைய தோட்டக் கோயில் உபய ரசீது, திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, இதெல்லாம் பரண்ல கிடந்தா கரையான் அரிக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்து வைங்க. பத்திரிகையில பெரியப்பா, தாய்மாமன்னு முறையோட பேரு அச்சடிச்சிருக்கும். ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பு ஏட்டுக்கு அது சமம்.

ஆலயத்துல இதுக்காக ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்கி வச்சிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சு, அன்னதானக் கூடத்துல மூலை மேசையில இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு பக்கம், இடது பக்கம் அப்பா வழி, வலது பக்கம் அம்மா வழி. ஐசி, பழைய சூராட் பெரானாக் கையில கொண்டு வாங்க. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க, அவங்க சொல்ல நாங்க எழுதிக்கிறோம். முடியாதவங்க வீடு எதுன்னு சொன்னா நானும் நம்ம இளைஞர் பகுதிப் பிள்ளைங்களும் நேர்லயே வர்றோம்.